இலண்டன் வார்டுத் தேர்தலில் இரு இந்தியர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா என்றால் கம்பனையும் வள்ளுவரையும் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். அதற்குத் தக்க புலமையுடையோர் இம்மேடையில் பலர் வீற்றிருக்கின்றனர். இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நம் போன்றோர் அத்துறையில் புகுந்து அவர்களது நேரத்தைக் குறைப்பது முறையன்று. ஆதலால் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. இலண்டன் மாநகரில், மூன்று பெரிய இரயில் நிலையங்களைத் தன்னகத்தே கொண்ட ஒரு பகுதியிலும் அதன் அண்டைப் பகுதியிலும் 1934-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நடைபெற்ற தேர்தலே அது. பாராளுமன்றத் தேர்தல் அன்று. வெறும் வார்டுத் தேர்தல். சாக்கடையும் தெருவிளக்கும் குப்பை வண்டியும் பேசப்படும் தேர்தல்.

அதை இங்கே ஏன் பேச வேண்டும்? நம் காலனியில் நகராட்சித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு சொல் காதில் விழுகிறது. “நாம் பிழைக்க வந்தவர்கள். இந்த ஊர் இந்த ஊர்க்காரர் பாடு. நமக்கேன் வம்பு?” இருபத்தைந்து ஆண்டு இங்கே வாழ்ந்தவரும் இதையே சொல்கிறார், நேற்று மாற்றலாகி வந்தவரும் இதையே சொல்கிறார். நம் குழந்தைகள் இவ்வூர்ப் பள்ளியில் படித்து, இவ்வூர் மொழியில் சண்டையிட்டு, இவ்வூர்க் கொசுவால் காய்ச்சல் காண்கின்றனர். ஆயினும் ‘ஊர்’ என்றால் நமக்குத் தஞ்சையும் நெல்லையுமே. இம்மனநிலையைக் குறை கூற நாம் இங்கு நிற்கவில்லை. இதே நிலையில் கடல் கடந்து போய் வாழ்ந்த இருவர் செய்த காரியத்தை மட்டும் எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறு ஆண்டில் இலண்டன் கவுண்டி, பழைய ‘சிட்டி’ நீங்கலாக, 28 பரோக்களாகப் பிரிக்கப்பட்டது. பரோ என்பது தனி மன்றமும் தனி மேயரும் கொண்ட நகரக் கூறு. அவற்றுள் ஒன்று செயின்ட் பாங்க்ராஸ். யூஸ்டன் நிலையம் 1837-இலும், கிங்ஸ் கிராஸ் 1852-இலும், செயின்ட் பாங்க்ராஸ் நிலையம் 1868-இலும் அங்கே திறக்கப்பட்டன. மூன்றும் ஒரே சாலையை ஒட்டி, நடந்தே போய்விடும் தூரத்தில் நிற்கின்றன. செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தின் அடித்தளத்தில் தூண்களுக்கிடையே எவ்வளவு இடம் விடுவது என்பதை, பர்ட்டன் நகரிலிருந்து வரும் பீர்ப் பீப்பாய்களின் அளவைக் கொண்டு முடிவு செய்தார்களாம். சரக்குக் கணக்கு எழுதும் நம்மவர்க்கு இச்செய்தி இனிக்கும் என்றே இடையில் சொன்னோம். அந்நிலையத்துக்குப் பாதை போட ஏழைகளின் வீடுகள் ஆயிரக்கணக்கில் இடிக்கப்பட்டன; பழைய இடுகாட்டின் ஒரு பகுதியும் தோண்டப்பட்டது. நிலையங்களுக்கிடையே சோமர்ஸ் டவுன் என்னும் நெருக்கமான குடியிருப்பு. புகையும் வறுமையும் அங்கே கூடி வாழ்ந்தன.

இத்தகைய பகுதியின் மன்றத்தில் முன்னரே ஓர் அயலார் அமர்ந்திருந்தார். அவர் அயர்லாந்திலிருந்து வந்த பெர்னார்ட் ஷா. நாடக ஆசிரியராக உலகறிந்த அவர், 1897 முதல் 1903 வரை செயின்ட் பாங்க்ராஸ் ஊராட்சியில் உறுப்பினராயிருந்து குப்பைக்கும் கழிநீருக்கும் நேரம் செலவிட்டார் என்பதைப் பலர் அறியார். பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று அவர் மன்றத்தில் வாதாடினார். ஆண்களுக்கு இருந்தது, பெண்களுக்கு இல்லை. கேம்டன் டவுனில் அதற்கென வைத்த மரத்தாலான மாதிரியின் மீது வண்டிக்காரர்கள் வேண்டுமென்றே வண்டியை மோதி, ‘போக்குவரத்துக்கு இடையூறு’ என்று நிறுவ முயன்றனர். நகைப்புக்குரிய கதைதான். ஆனால் கடைத்தெருவுக்குப் போய் வரும் தாய்மார்கள் இதைக் கேட்டு நகைக்க மாட்டார்கள். நம் ஊர்க் கடைத்தெருவை அவர்கள் அறிவார்கள்.

இனி 1934-க்கு வருவோம். அக்காலத்தில் பரோத் தேர்தல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, நவம்பர் முதல் நாள் நடைபெறும். ஒவ்வொரு வார்டுக்கும் பல உறுப்பினர்கள். அவர்களுக்கு ஊதியம் இல்லை. வாக்குரிமையும் எல்லோர்க்கும் இல்லை. வீட்டைச் சொந்தமாகவோ வாடகைக்கோ கொண்டு குடியிருப்பவர்க்கும் அவர்தம் வாழ்க்கைத் துணைக்குமே அது இருந்தது. பெற்றோருடன் வாழ்ந்த வயது வந்த மகனுக்கும் மகளுக்கும், தட்டுமுட்டோடு கூடிய அறையில் வாடகைக்கிருந்த தொழிலாளிக்கும் வாக்கில்லை. 1945-இல் சட்டம் மாறிய பின்னரே அந்த வேலி நீங்கியது. எனினும் ஒன்று கவனிக்கத் தக்கது. நீ எங்கே பிறந்தாய் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பிரிட்டிஷ் பிரஜை எவரும் நிற்கலாம். அடிமை நாட்டின் பிரஜையாக இருந்ததால் இந்தியனுக்கும் அவ்வுரிமை கிட்டியது. விந்தையான கணக்குத்தான்!

அன்று தொழிற்கட்சியின் சார்பில் செயின்ட் பாங்க்ராஸ் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் ஒருவர் வி. கே. கிருஷ்ண மேனன். கோழிக்கோட்டில் 1896-இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். அடையாற்றில் அன்னி பெசன்ட் அம்மையாரின் இயக்கத்தில் பணி செய்தவர். 1924-இல் இலண்டன் சென்றார். பத்தாவது ஆண்டில் அவ்வூர் வார்டு அவரைத் தன் பிரதிநிதியாக ஏற்றது. அப்போது அவர் இந்தியா லீக்கின் செயலாளர். அதாவது, பகலெல்லாம் ‘இந்தியாவை விட்டு வெளியேறுங்கள்’ என்று ஆங்கிலேயர்க்கு எடுத்துச் சொல்லும் மனிதர். அப்படிப்பட்டவருக்கு ஆங்கிலத் தொழிலாளிகளும் அவர்தம் மனைவியரும் வாக்களித்தனர். சாம்ராஜ்யத்தைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்களோ, அது வேறு. தம் தெருவைப் பற்றி அவரிடம் ஒப்படைத்தார்கள்.

அவர் அங்கே என்ன செய்தார்? மன்றத்தின் கல்வி மற்றும் பொது நூலகக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். புத்தகத்தின் அருமையை அறிந்தவர். 1937-இல் வெளிவரத் தொடங்கிய பெலிக்கன் மலிவுப் பதிப்பு நூல்களின் ஆசிரியர்களுள் ஒருவர். சாமானியனின் கைக்கு நல்ல நூல் எட்ட வேண்டும் என்னும் ஒரே வேலையைப் பதிப்பகத்திலும் மன்றத்திலும் செய்தார் என்று சொன்னால் மிகையாகாது. 1947-இல் சுதந்திர இந்தியாவின் முதல் ஹைகமிஷனராக அதே நகரில் நியமனம் பெறும் வரை, பதின்மூன்று ஆண்டுகள் அவர் மன்ற உறுப்பினர். அதே மன்றத்துக்கு 1937-இல் வந்த இளம்பெண் ஒருவர், பார்பரா காசில், பின்னர் 1965 முதல் 1968 வரை பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சராயிருந்து இரயில்வேயையும் தம் பொறுப்பில் கொண்டிருந்தார். வார்டிலிருந்து அத்தனை தூரம் பாதை போகிறது.

மேனன் குணத்தில் எளியவர் அல்லர். சுடுசொல் உடையவர் என்று உடனிருந்தோரே சொல்லியிருக்கின்றனர். பாதுகாப்பு அமைச்சராக இருந்து 1962-இல் அவர் பதவி இழந்த கதை நாடறிந்தது. அந்தக் கணக்கை வரலாறு எழுதுவோர் எழுதட்டும். நமக்கு இன்று வேண்டியது நூலகக் கணக்கு. 1955-இல் செயின்ட் பாங்க்ராஸ் பரோ தன் உயர்ந்த மரியாதையான ‘கௌரவ நகரக் குடிமகன்’ பட்டத்தை அவருக்கு வழங்கியது. அவருக்கு முன் 1946-இல் அதைப் பெற்றவர் நாம் மேலே சொன்ன ஷா. ஒருவர் அயர்லாந்துக்காரர், மற்றவர் மலையாளி.

இரண்டாமவர் அடுத்த பரோவான பின்ஸ்பரியில் இருந்தார். பின்ஸ்பரி என்றவுடன் பெரியவர்கள் தாதாபாய் நௌரோஜியை நினைப்பார்கள். 1892-இல் அங்கே பாராளுமன்றத்துக்கு வெறும் 5 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர் அவர். ஒரு ஓட்டால் என்ன ஆகும் என்பவர்கள் இந்த ஐந்தை எண்ணிப் பார்க்க. அதே பின்ஸ்பரியில், அதே 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில், பஞ்சாபிலிருந்து சென்ற டாக்டர் சுனிலால் கட்டியால் மன்ற உறுப்பினரானார். இவர் கிழக்கு இலண்டனில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். 1931-இல் காந்தியடிகளும் நடிகர் சார்லி சாப்ளினும் சந்தித்தது இவர் இல்லத்தில்தான்.

பின்ஸ்பரியில் க்ஷயரோகம் மிகுதி. வீடுகளில் வெயில் நுழையாது. சுகாதாரக் குழுவின் தலைமை கட்டியாலிடம் வந்தது. பல் வைத்தியம் ஓரிடம், க்ஷயரோக வைத்தியம் ஓரிடம், தாய் சேய் நலம் ஓரிடம் என்று சிதறிக் கிடந்ததை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவர முனைந்தார்கள். லுபெட்கின் என்னும் சிற்பியின் குழு வரைந்த கட்டடம் 1938 அக்டோபரில் திறக்கப்பட்டது. வெளிச்சம் நிறைந்த கூடங்கள், குழந்தைகளுக்குச் சூரிய ஒளிச் சிகிச்சை அறை, துணிகளின் நச்சுக்கிருமி போக்கும் பகுதி எல்லாம் அதில் அமைந்தன. நாடு முழுவதற்குமான இலவச மருத்துவத் திட்டம் பிரிட்டனில் வந்தது 1948 ஜூலையில். பத்து ஆண்டுகட்கு முன்னரே ஒரு வார்டு மன்றம் தன் எல்லைக்குள் அதற்கு அடிகோலிவிட்டது! 1938-இலேயே கட்டியால் பின்ஸ்பரியின் மேயரானார். தெற்காசியாவிலிருந்து சென்று பிரிட்டனில் மேயரான முதல்வர் அவரே.

இதன் பிற்பகுதி நம் வீட்டு வாசல் வரை வருகிறது. 1948-இல் கட்டியால் இந்தியா திரும்பினார். தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனின், அதாவது இ. எஸ். ஐ.-யின், டைரக்டர் ஜெனரலாக 1953 வரை பணியாற்றினார். 1952 பிப்ரவரியில் அத்திட்டம் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கியது அவர் காலத்தில்தான். நம் காலனிக் குடும்பங்களில் ஆலைகளில் வேலை பார்ப்போர் உண்டு, இ. எஸ். ஐ. டிஸ்பென்சரி வரிசையில் நிற்பவரும் உண்டு. ஓர் இலண்டன் வார்டில் கற்ற வேலை இங்கே வந்து பயன்பட்டது என்று நாம் கருதுவது தவறாகாது.

இப்போது நம் கணக்கு. “நமக்குக் குழாயும் சாக்கடையும் இரயில்வே பார்த்துக்கொள்கிறது, நகராட்சி எதற்கு?” என்று கேட்போர் உண்டு. காலனி வேலியைத் தாண்டினால் மார்க்கெட் நகராட்சியினுடையது. பள்ளிக்குப் போகும் சாலையும் அப்படியே. ஓய்வு பெற்ற மறுமாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வாடகை வீடு தேடும்போது, நாம் குடிபுகுவது நகராட்சி வார்டில்தான். கொசுவோ வேலியை மதிப்பதில்லை.

உண்மையான தடை வேறொன்று. நம்மில் பலருடைய பெயர் இன்றும் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. சட்டப்படி ஒருவர் பெயர் இரண்டிடங்களில் இருத்தல் கூடாது. இங்கே சேர்த்தால் அங்கே நீக்க வேண்டும். அங்கே நீக்குவதென்றால், பாட்டன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்குவது போல் நெஞ்சு கனக்கிறது. இந்தக் கனத்தை நாமும் அறிவோம். ஆனால் அந்தப் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டு எத்தனை தேர்தலுக்கு இரயிலேறிப் போயிருக்கிறோம்? பாஸ் இருந்தும் போகவில்லை! அங்கும் வாக்கில்லை, இங்கும் வாக்கில்லை. கேம்டன் சதுக்கத்தில் குடியிருந்து இலண்டன் நூலகத்துக்காக உழைத்த மேனனிடமிருந்து கோழிக்கோடு விலகிப் போய்விடவில்லை. பட்டியல் கேட்பது வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தை. தாய்மொழியை அன்று, குலதெய்வத்தின் ஊரையும் அன்று.

செயின்ட் பாங்க்ராஸ் பரோ 1965-இல் கேம்டனோடும், பின்ஸ்பரி இஸ்லிங்டனோடும் இணைந்துவிட்டன. மன்றத் தேர்தல் அங்கே இப்போது நான்கு ஆண்டுக்கு ஒரு முறை. காமன்வெல்த் நாடுகளிலிருந்து முறைப்படி குடியேறியோர் இன்றும் அதில் வாக்களிக்கலாம், நிற்கவும் செய்யலாம். அங்கு வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் அவ்வுரிமை உண்டு. இங்கே, 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி நகராட்சித் தேர்தல் ஐந்தாண்டுக்கொரு முறை வர வேண்டும். பெயர் மாற்றுவதற்கான படிவங்கள் சங்க வாசகசாலையில் வைக்கப்பட்டுள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை, அவற்றை நிரப்பிக் கொடுக்க நம்மவர் இருவர் அங்கே இருப்பார்கள். குடியிருப்புச் சான்றின் நகல் ஒன்றும், புகைப்படம் ஒன்றும் கொண்டு வருக.