தளம் எழுந்தது, தீவு காத்திருந்தது

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



புயலால் அழிந்த படைத்தளமொன்று மீண்டும் கட்டப்பெற்ற வரலாற்றை இன்று பேசப் போகின்றோம் என்று நாம் அறிவித்தபோது, நண்பர் சிலர், "அமெரிக்கனுடைய படைவீடு இடிந்தாலென்ன, எழுந்தாலென்ன, நமக்கு ஆவதென்ன?" என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. படைத்தளங்களின் மேல் நமக்குத் தனிக் காதல் ஏதுமில்லை. ஆனால், இடிந்து கிடப்பவற்றுள் எதனை முதலில் எடுத்து நிறுத்துவது என்று தீர்மானிக்க வேண்டிய வேளையிலேதான் ஓர் அரசின் உள்ளம் ஒளிவு மறைவின்றி வெளிப்படுகின்றது. அந்த உள்ளத்தைக் காண்பதற்காகவே இந்தப் பொருளை எடுத்துக்கொண்டோம்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவைக் கிழக்கு மாகாணத்திலே கழித்தவர்கள் இம்மண்டபத்தில் இருப்பார்களாயின், சூறாவளி என்றால் என்னவென்று அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2018 ஒக்டோபர் 10ஆம் திகதி புளோரிடாவின் வடமேற்குக் கரையில் அத்தகையதொரு சூறாவளி ஏறியது. அதற்கு மைக்கேல் என்று பெயர். மூன்று நாட்களுக்கு முன்னர் அது பெயரளவிலான புயல்தான். வெதுவெதுப்பான குடாக்கடலைக் கடந்து வந்ததும் மணிக்கு 160 மைல் வேகமுடைய அரக்கனாகி விட்டது. முதலில் நான்காந்தரச் சூறாவளி என்று கணித்த வானிலை அறிஞர்கள், மறுஆண்டு ஏப்பிரலில் அதனை ஐந்தாந்தரம் என்று திருத்தினர். அதற்கு மேல் தரம் இல்லை.

அந்தச் சூறாவளி கரையேறிய இடத்திலேதான் டின்டல் விமானப்படைத் தளம் இருக்கின்றது. 1941இல் தொடங்கப்பெற்ற தளம் அது. படைவீரரும் குடும்பத்தினரும் இரண்டு நாட்களுக்கு முன்னரே வெளியேற்றப்பட்டமையால் தளத்தில் உயிர்ச்சேதம் நேரவில்லை. கட்டடங்களோ ஒன்றும் தப்பவில்லை. சேதமடையாத கட்டடம் ஒன்றேனும் அங்கு இல்லை. 484 கட்டடங்கள் அழிந்தன, அல்லது திருத்த இயலாத நிலையை அடைந்தன. தளத்து வாயிலிலே காட்சிக்கு நிறுத்தியிருந்த போர்விமானம் தலைகீழாகக் கிடந்தது.

உலகின் மிகச் சிறந்த போர்விமானம் என்று அமெரிக்கர் பெருமை பேசும் எப்-22 விமானங்கள் அத்தளத்தில் ஐம்பதுக்கு மேல் இருந்தன. பறக்கக்கூடியவை பறந்து தப்பின. பழுதுபார்க்கப்பட்டுக் கொண்டிருந்த 17 விமானங்கள் கொட்டகைகளுக்குள் விடப்பட்டன. கொட்டகைகளின் கூரைகள் அவற்றின் மேல் வீழ்ந்தன. படையின் சேவைக்கெனக் கட்டப்பெற்ற அவ்வகை விமானங்கள் மொத்தம் 187 மாத்திரமே. அவற்றைச் செய்த தொழிற்சாலை வரிசையும் மூடப்பட்டு விட்டது. இழந்தால் வேறொன்று வாங்க முடியாது. நல்வாய்ப்பாக அனைத்தும் திருத்தப்பட்டுப் பின்னர் பறந்து வெளியேறின.

விமானக் கொட்டகை வீழ்வதன் சூக்குமம் எளிது. அதன் பலவீனம் அதன் பெரிய கதவு. கதவு வளைந்து திறந்துகொண்டால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். வெளியே வீசும் காற்று அதே கூரையை மேலிருந்து இழுக்கும். இரண்டும் ஒன்றுசேர்ந்தால் இரும்புக் கைமரமும் தாங்காது. நம் கிராமத்துக் கிடுகுக் கொட்டிலுக்கும் அவர்களுடைய இரும்புக் கொட்டகைக்கும் காற்று ஒரே சட்டத்தையே விதிக்கின்றது. சட்டம் வகுக்கும் மனிதர்கள்தாம் அத்துணை நேர்மையாக நடந்துகொள்வதில்லை.

இதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் நடந்த கதையொன்றையும் சொல்லியாக வேண்டும். 1992 ஓகஸ்ட் 24ஆம் திகதி அன்ட்ரூ என்னும் சூறாவளி புளோரிடாவின் தென்கோடியைத் தாக்கியது. அங்கிருந்த ஹோம்ஸ்ரெட் விமானப்படைத் தளம் தரைமட்டமாயிற்று. அது தேர்தல் ஆண்டு. செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் நேரில் வந்து, தளத்தை மீளக் கட்டுவோம் என்று வாக்களித்தார். நவம்பரில் அவர் தோற்றார். 1993இல் படைத்தளங்களை மூடுவது பற்றி ஆராய்ந்த ஆணைக்குழு, நிரந்தரப் படைக்கு அத்தளம் வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. 1994இல் அது சேமப்படையினரின் சிறு தளமாகச் சுருங்கிற்று. 1962இல் கியூபா நெருக்கடியின்போது உலகமே திரும்பிப் பார்த்த தளம் அது. ஆயினும் 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னர் அதன் மதிப்பும் கலைந்து விட்டது. தளத்து மருத்துவமனையையும் மலிவு விலைக் கடையையும் நம்பி அயலிலே குடியேறியிருந்த ஓய்வுபெற்ற வீரர்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் தேடினர். மேடையில் அளித்த வாக்கு கோவைகளுக்குள் புதைந்து போயிற்று.

ஆகவே டின்டலிலும் மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. அயலிலுள்ள பனாமா சிற்றி நகரத்தின் கடைக்காரன், தச்சன், பள்ளி ஆசிரியை ஆகிய அனைவருடைய சீவியமும் அத்தளத்தோடு பின்னிக் கிடந்தது. ஆனால் இம்முறை வாக்குக் காப்பாற்றப்பட்டது. குடாக்கடலின் மேல் இலட்சம் சதுரமைலுக்கு அதிகமான பயிற்சி வான்வெளி அத்தளத்தின் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது ஒரு காரணம். புளோரிடா அந்நாளில் 29 தேர்வாளர் வாக்குகளைக் கையில் வைத்திருந்த மாநிலம் என்பது மற்றொரு காரணமென்றே நாம் கருதுகின்றோம். ஏறக்குறைய 500 கோடி டொலர்ச் செலவில் தளம் புதிதாக வகுக்கப்பட்டது. மணிக்கு 165 மைல் காற்றைத் தாங்குமாறு கட்டடங்கள் வரையப்பட்டன. கடல்மட்டம் உயரப் போவதையும் கணக்கில் எடுத்தனர். அலையின் வேகத்தைத் தணிக்கக் கரையோரத்திலே சிப்பிப் பாறைகளை வளர்க்கவும் திட்டமிட்டனர். வேலியோரம் காவல் சுற்றுவதற்கு நாயின் வடிவிலே நாற்கால் எந்திரங்களையும் கொணர்ந்தனர். குரைக்காத நாய் என்ன நாயோ, நாம் அறியோம்! சிப்பிப் பாறையை மாத்திரம் நாம் மனமாரப் பாராட்டுகின்றோம்.

பணம் வந்த வழிதான் கேவலமானது. 2018 ஒக்டோபரில் இடிந்த தளத்துக்குக் கொங்கிரஸ் சபை நிவாரணப் பணத்தை உரிய காலத்தில் வழங்கவில்லை. விமானப்படை வேறு தளங்களின் வேலைகளை ஒத்திவைத்துக் காசைத் திருப்பிச் சமாளித்தது. பணம் கிடைக்காவிடில் மே 1ஆம் திகதியுடன் டின்டலில் புதிய வேலை நின்றுவிடும் என்று 2019 மார்ச்சில் விமானப்படைத் துறைச் செயலாளர் ஹெதர் வில்சன் பகிரங்கமாக எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஏன் இத்துணைத் தாமதம்? தடைகளுள் முதன்மையானது போட்டோ றிக்கோ என்னும் தீவுக்கு எவ்வளவு உதவி கொடுப்பது என்ற பிணக்கு. அத்தீவுக்கு மேலும் பணம் கொடுப்பதை ஜனாதிபதி ட்ரம்ப் விரும்பவில்லை. இறுதியில் 1,910 கோடி டொலர் நிவாரண மசோதா நிறைவேறி, ஜூன் 6ஆம் திகதி கையொப்பமாயிற்று. அதிலே தீவின் உணவு உதவிக்கென ஒதுக்கியது 60 கோடி.

அன்பர்களே! இந்தத் தீவைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகின்றோம். போட்டோ றிக்கோ மக்கள் 1917ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்கப் பிரசைகள். அமெரிக்கப் படையிலே சேர்ந்து போரிட்டவர்கள், மடிந்தவர்கள். ஆனால் தீவிலே வாழும்வரை ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. கொங்கிரஸ் சபைக்கு அவர்கள் அனுப்பும் பிரதிநிதி ஒருவர் உண்டு. அவர் பேசலாம், சட்டங்கள் நிறைவேறும்போது வாக்களிக்க முடியாது. நாக்கைக் கொடுத்துக் கையைக் கட்டி வைத்த பிரதிநிதித்துவம்!

மைக்கேலுக்கு ஓராண்டு முன்னர், 2017 செப்டெம்பர் 20ஆம் திகதி, மரியா என்னும் சூறாவளி அத்தீவை ஊடறுத்துச் சென்றது. இறந்தவர் 64 பேர் என்று அரசாங்கம் மாதக்கணக்காகச் சாதித்தது. பல்கலைக்கழக ஆய்வொன்றுக்குப் பின் 2018 ஓகஸ்டில் அவ்வெண்ணை 2,975 ஆகத் திருத்தியது. பெரும்பாலானோரைக் கொன்றது காற்று அன்று. மின்சாரமும் மருந்தும் வழியும் இல்லாமற் போன மாதங்களே அவர்களைக் கொன்றன. தீவு முழுவதற்கும் மின்சாரம் திரும்ப ஏறக்குறைய பதினொரு மாதங்கள் சென்றன.

படைத்தளம் என்றால் எங்கிருப்பினும் முதலிடம் என்றும் எண்ணி விடாதீர்கள். 2019 செப்டெம்பரில் எல்லைச் சுவர் கட்டுவதற்காகப் படைக் கட்டட நிதியிலிருந்து 360 கோடி டொலர் எடுக்கப்பட்டது. போட்டோ றிக்கோவிலிருந்த படைக் கட்டடங்களுக்கென வைத்திருந்த பணத்தில் மாத்திரம் 40 கோடிக்கு மேல் போயிற்று. டின்டலிலும் கை வைத்தார்கள். அங்கே போனது ஒரு தீயணைப்பு நிலையத்துக்கான 1 கோடி 70 இலட்சம். ஒருபுறம் கோடி, மறுபுறம் நாற்பது கோடி! வாக்குள்ள மண்ணுக்கும் வாக்கில்லாத மண்ணுக்கும் உள்ள தூரத்தை அளக்க இதைவிட நல்ல முழக்கோல் வேண்டுமா?

டின்டலைக் கட்டியது தவறு என்று நாம் கூறவில்லை. அங்கு உழைத்துப் பிழைக்கும் ஏழை அமெரிக்கனின் அடுப்பு எரிந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. அந்த ஏழைக்குக்கூட முழு நீதி கிடைத்ததா? அன்ட்ரூவுக்குப் பின் புளோரிடா கடுமையான கட்டடச் சட்டம் இயற்றியபோது, பறந்துவரும் பொருட்களிலிருந்து யன்னல்களைக் காக்கும் விதியிலிருந்து வடமேற்குக் கரையின் பெரும்பகுதிக்கு 2007ஆம் ஆண்டளவு வரை விலக்கு அளித்திருந்தனர். வீட்டு விலை ஏறிவிடுமாம்! அத்தளத்துக்கு அயலூரான மெக்ஸிகோ பீச் அழிந்து கிடந்த காட்சியை அன்று உலகமே பார்த்தது. தளத்துக்கு 165 மைல் காற்றைத் தாங்கும் சுவர் கிடைத்தது. அயலிலே வாடகை வீட்டிலிருந்தவனுக்கோ பழைய வாடகையில் ஒரு கூரையும் கிடைக்கவில்லை.

போட்டோ றிக்கோவை அடுத்து வியெக்கெஸ் என்ற சின்னஞ்சிறு தீவு உண்டு. 1940களில் அதன் நிலத்திற் பெரும்பகுதியைக் கடற்படை எடுத்துக்கொண்டு குண்டெறிந்து பழகிற்று. 1999இல் குறிதவறிய குண்டொன்று உள்ளூர்க் காவலாளி ஒருவரைக் கொன்றது. மக்கள் கிளர்ந்தெழுந்து, குண்டுத் திடலுக்குள்ளேயே கூடாரமடித்து அமர்ந்தனர். 2003 மே மாதத்தில் கடற்படை வெளியேறிற்று. வெடிக்காத குண்டுகள் மண்ணிலே தங்கிவிட்டன. அத்தீவின் ஒரே மருத்துவமனையை மரியா அழித்தது. அதனை மீளக்கட்ட நடுவண் அரசு ஏறக்குறைய 4 கோடி டொலர் ஒதுக்கியது 2020 ஜனவரியிலேதான். டின்டலின் செலவோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்கும் இல்லை.

2023 ஓகஸ்டில் டின்டலின் ஓடுபாதையிலே முதலாவது எப்-35 விமானங்கள் வந்து இறங்கின. அந்த மாதத்திலும் வியெக்கெஸின் புதிய மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கவில்லை. சூறாவளிக்குப் பின் அத்தீவின் சிறுநீரக நோயாளர்கள், இரத்தம் சுத்திகரிப்பதற்காக, வாரத்தில் மூன்று முறை சிறு விமானமேறிக் கடல் கடந்து பெருந்தீவுக்குப் போய் வர வேண்டியிருந்தது.