கடிதத்தில் வரும் கள்ளன்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு என் பாராட்டுகள். வீட்டில் கணினியையும் கைத்தொலைபேசியையும் பெற்றோருக்கு இயக்கிக் காட்டுகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தாம். ஆகவே இருவருக்கும் பொதுவான ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன்.

2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் பிலிப்பைன்சிலிருந்து ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பரவியது. 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்பது அதன் தலைப்பு. கூடவே காதல் கடிதம் என்று ஓர் இணைப்பு. 'யாருடா நமக்கு எழுதினது?' என்று ஆவலோடு திறந்தவர்கள் ஏமாந்தார்கள். அது கடிதமல்ல, நச்சுநிரல்! பெயரின் கடைசியிலிருந்த 'விபிஎஸ்' என்ற வாலைப் பல கணினிகள் காட்டவில்லை. அதனால் சாதாரண எழுத்துக் கோப்பு போலவே தெரிந்தது. திறந்ததும் படக் கோப்புகளை அழித்தது. முகவரிப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சலை நிறுத்தி வைக்க நேர்ந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த அஞ்சல் பெரும்பாலும் தெரிந்தவர் பெயரில்தான் வந்தது. 'நம்ம ஆளுதானே அனுப்பினாரு' என்ற நம்பிக்கையே கள்ளனுக்குச் சாவி.

அதே கள்ளன் இன்று நம் நாட்டில் வேறு வேடம் போடுகிறான். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று 'ஏபிகே' கோப்பு வருகிறது. அதை நிறுவினால் வங்கி அனுப்பும் இரகசிய எண்ணும் அவன் கைக்குப் போகக்கூடும். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் சேர்த்த பணம் ஒரு நொடியில் போய்விடும்.

என்ன செய்யலாம்? எதிர்பாராத இணைப்பு வந்தால், அனுப்பியவரிடம் தொலைபேசியில் கேளுங்கள். கோப்பின் முழுப்பெயரும் தெரியும்படி கணினியை அமைத்து வையுங்கள். 'இஎக்ஸ்இ', 'விபிஎஸ்', 'ஏபிகே' என்று முடிந்தால் தொடவே வேண்டாம். கணினியின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துத் தனியே வையுங்கள்.

மீறித் திறந்துவிட்டால் உடனே இணையத்தைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் தாமதியாமல் வங்கிக்கும் 997 எண்ணுக்கும் அழையுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை தெரியாமல் எதையாவது அழுத்திவிட்டால் அடிக்காதீர்கள். அடிக்குப் பயந்து அது மறைக்கிற ஒவ்வொரு நிமிடமும் கள்ளனுக்கு இலாபம். 'அப்பா, தெரியாம தொறந்துட்டேன்' என்று ஓடிவந்து சொல்கிற பிள்ளைதான் வீட்டுக்குக் காவல்.