படம் சொல்வதும் குதிரை சொல்வதும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2010-இல் இன்ஸ்ட்ருமென்டேஷன் முடித்து இங்கிருந்து வெளியே போனவன். இப்போது இங்கிலாந்தில் குதிரை மருத்துவமனைகளுக்குப் படமெடுக்கும் கருவிகளைப் பொருத்தி, பழுது பார்க்கிற வேலை. இதைச் சொன்னாலே என் பேட்ச் நண்பர்கள், "ஏன்டா, மனுஷங்களையெல்லாம் எக்ஸ்ரே எடுத்து முடிச்சாச்சா, குதிரைக்குப் போயிட்ட?" என்று கேட்பார்கள். கேலி இருக்கட்டும். சங்கச் செயலாளர், "உன் வேலையைப் பத்தியே பேசுப்பா, பசங்களுக்குப் புதுசா இருக்கும்" என்றார். ஆகவே, நொண்டுகிற குதிரைக்கு எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அதில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எந்த இடத்தில் வருகின்றன என்பதைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். நான் டாக்டர் அல்ல. டாக்டர்கள் பக்கத்தில் நின்று பார்த்த இன்ஜினியர். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

குதிரை சுமார் 500 கிலோ எடையுள்ள பிராணி. அந்த எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்னங்கால்களில் இறங்குகிறது. கால் வலித்தால் "இங்கேதான் வலிக்குது" என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஆனால் நடையில் காட்டிவிடும். முன்னங்கால் வலித்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். பின்னங்கால் என்றால் இடுப்பு ஏறி இறங்குவதில் தெரியும். குதிரையை நேர்கோட்டில் சீராக ஓடவிட்டு, அனுபவமுள்ள டாக்டர் இதை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவார்.

கண்ணுக்கும் ஒரு எல்லை உண்டு. லேசான நொண்டல் என்றால் இரண்டு டாக்டர்கள் இரண்டு கால்களைக் காட்டுவதும் நடக்கும். அதற்காக அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் கீகன் என்ற டாக்டர், இன்ஜினியர்களோடு சேர்ந்து ஒரு கருவி செய்தார். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, வலது முன்னங்காலில் ஒன்று என்று மூன்றே சென்சார்கள். தலையும் இடுப்பும் எத்தனை மில்லிமீட்டர் ஏறி இறங்குகின்றன என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். நம் டிபார்ட்மென்ட் ஆட்களுக்கு இது கேட்கவே சந்தோஷமாக இருக்கும்!

எந்தக் கால் என்று தெரிந்துவிட்டது. அந்தக் காலில் எந்த இடம்? முதலில் கையால் தடவி, சூடு, வீக்கம் பார்ப்பார்கள். பெரிய குறடு போன்ற ஒரு கருவியால் குளம்பை அமுக்கிப் பார்ப்பார்கள். குளம்புக்குள் சீழ் கட்டியிருந்தால் அங்கேயே காலை உதறும். அதிலும் தெரியாவிட்டால் மரத்துப்போகிற ஊசி. கீழேயிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு நரம்பாக மேலே போவார்கள். எந்த ஊசிக்குப் பிறகு நொண்டல் நிற்கிறதோ, அந்த ஊசி மரக்கவைத்த பகுதிக்குள் கோளாறு இருக்கிறது என்று பொருள். சர்க்யூட் போர்டில் ஒவ்வொரு பகுதியாகத் துண்டித்துப் பழுது தேடுவோமே, அதே முறைதான். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. எலும்பில் கீறல் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இந்த ஊசியைப் போட மாட்டார்கள். வலி போனதும் குதிரை முழு எடையையும் அந்தக் காலில் போடும். கீறல் முழு முறிவாகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் என் கருவிகள் உள்ளே வருகின்றன. "மெஷின் இருக்கிறதே, முதலிலேயே நாலு காலையும் படமெடுத்தால் என்ன?" என்று நானும் ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன். அதற்கு ஒரு பெரிய டாக்டர் சொன்ன பதில்: "நாலு காலிலும் ஏதாவது ஒன்று தெரியும். எதற்கு வைத்தியம் பார்ப்பது?"

எக்ஸ்ரேயை எடுத்துக்கொள்வோம். 1895-இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த அதே கதிர்தான். இன்று கையில் தூக்கிப் போகிற பெட்டியாகக் குதிரை லாயத்துக்கே வந்துவிட்டது. சில விநாடிகளில் திரையில் படம். ஆனாலும் அது ஒரு நிழல் என்பதை மறக்கக் கூடாது. எலும்பில் மயிரிழைக் கீறல் இருந்தால், கதிர் அந்தக் கீறலின் தளத்தோடு நேராகச் செல்லும்போதுதான் தெரியும். அதனால் ஒரு மூட்டுக்குக் குறைந்தது நாலு கோணங்களில் எடுப்பார்கள். குளம்பை எடுக்கும்போது லாடத்தைக் கழற்றுவார்கள். இரும்பு எலும்பை மறைத்துவிடும். குளம்பின் அடியில் உள்ள பள்ளங்களில், குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணை அடைப்பார்கள். சிரிக்காதீர்கள்! பள்ளத்தில் நிற்கிற காற்று, படத்தில் கறுப்புக் கோடாக விழுந்து, எலும்பு உடைந்ததுபோலவே காட்டும். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மெஷினை, விளையாட்டுக் களிமண்தான் பொய் சொல்லாமல் காப்பாற்றுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. எலும்பின் தாதுச்சத்து முப்பது, நாற்பது சதவீதம் குறைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். புதிய கீறல் முதல் நாள் தெரியாமல், பத்துப் பதினாலு நாள் கழித்து எடுத்தால் தெரிவதும் உண்டு. "எக்ஸ்ரே சுத்தம்" என்றால் "கால் சுத்தம்" என்று பொருள் அல்ல.

தசைநாண், தசைநார் இவற்றுக்கு அல்ட்ராசவுண்ட். பந்தயக் குதிரைகளுக்கு முன்னங்காலின் பின்புறத் தசைநாண் கிழிவது சகஜம். அதை இது நன்றாகக் காட்டும். குளம்பின் கெட்டியான சுவர் மட்டும் ஒலியை உள்ளே விடாது. அதனால் குளம்புக்குள் இருப்பது நெடுங்காலம் பூட்டிய அறையாகவே இருந்தது. குளம்பின் பின்பகுதி வலிக்கிற குதிரைகளையெல்லாம், அங்கே உள்ள நாவிகுலர் என்ற சின்ன எலும்பின் நோய் என்று ஒரே பெயரில் சேர்த்துவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. வந்த பிறகு, 2000-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் சூ டைசன் முதலிய டாக்டர்கள் உள்ளே பார்த்தபோது, பல குதிரைகளுக்கு அந்த எலும்பை ஒட்டிப்போகிற தசைநாண்தான் கிழிந்திருந்தது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு, ஓய்வுக் காலம் வேறு.

குதிரைக்கு முழு மயக்கம் கொடுப்பது மனிதனுக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு ஆபத்து. மயக்கம் தெளிந்து எழும்போதே காலை உடைத்துக்கொள்ளும். அதனால் லேசான மயக்கத்தில் நின்றபடியே எடுக்கிற எம்.ஆர்.ஐ. செய்தார்கள். காந்தத்தின் பலம் 0.27 டெஸ்லா, மனிதர்களுக்கான ஆஸ்பத்திரிகளில் 1.5 அல்லது 3. சிக்னலோ குறைவு, குதிரையோ ஆடிக்கொண்டே நிற்கும். அந்த ஆட்டத்தைக் கணக்கில் எடுத்துப் படத்தைத் திருத்துவது மென்பொருளின் வேலை. எந்தக் காலின் எந்த இடம் என்றே பிடிபடாவிட்டால், டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை மருந்தோடு ஊசி போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் காமா கேமராவில் பார்ப்பார்கள். எலும்பு எங்கே மும்முரமாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறதோ அங்கே ஒளிரும். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். அது அடங்கும் வரை குதிரையைத் தனியாகக் கட்டிவைப்பார்கள்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். படம் சுத்தமாக இருக்கும், குதிரை நொண்டும். படம் மோசமாக இருக்கும், குதிரை ஜோராக ஓடும். குதிரை வாங்கும் முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். ஒரு நாளும் நொண்டாத குதிரை, படத்தில் தெரிந்த ஒரு நிழலால் விலை போகாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்க மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

"அப்படியானால் நொண்டாத குதிரையைப் படமெடுக்கவே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சமீபத்தில் ஒரு திருப்பம். கலிஃபோர்னியாவில் சான்டா அனிடா பந்தய மைதானத்தில், 2018 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2019 ஜூனுக்குள் சுமார் 30 குதிரைகள் இறந்தன. பந்தயக் குதிரையின் கால் முறிவு பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. நாள்கணக்கில் சேர்ந்த நுண்ணிய சேதம் ஒரு நாள் உடைகிறது. உடைந்தால் குதிரை மட்டுமல்ல, மேலே இருக்கிற ஜாக்கியும் விழுகிறார். ஆகவே, டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2015 முதல் குதிரைகளுக்குப் பயன்படுத்தி வந்த பி.இ.டி. ஸ்கேனை, குதிரை நின்றபடியே எடுக்கும் வகையில் மாற்றி, 2019 இறுதியில் அந்த மைதானத்திலேயே வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2020 மெல்பர்ன் கோப்பையில் ஆண்டனி வான் டைக் என்ற குதிரை கால் முறிந்து இறந்தது. 2019-இல் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தை வென்ற குதிரை அது. அடுத்த ஆண்டே, அந்தக் கோப்பைக்கு வரும் வெளிநாட்டுக் குதிரைகளுக்குக் கால் ஸ்கேன் கட்டாயமாக்கப்பட்டது.

இங்கே கேள்வியே வேறு. "ஏன் நொண்டுகிறது?" என்பது பழைய கேள்வி. "அடுத்த வாரம் ஓடினால் உடையுமா?" என்பது புதிய கேள்வி. அதற்குப் பார்க்க வேண்டிய இடம் வேறு, கருவி வேறு, "ஆபத்து" என்று சொல்வதற்கான எல்லையும் வேறு. எல்லையைக் கடுமையாக வைத்தால் நல்ல குதிரைகள் வீட்டுக்குப் போகும். தளர்த்தினால் உயிர் போகும். அந்த எல்லையை மெஷின் வைக்காது, மனிதர்கள்தான் வைக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் நாளைக்கு மருத்துவக் கருவிகள் செய்யப் போகிறீர்கள். படத்தைப் பார்த்துத் தானே முடிவு சொல்லும் புரோகிராம்கள் எழுதப் போகிறீர்கள். உட்காரும் முன் ஒரு நாள் அந்த டாக்டரோடு போய் நில்லுங்கள். அவர் எதைப் பார்க்கிறார், எதைத் தடவுகிறார், எந்தச் சந்தேகத்தோடு படம் கேட்கிறார் என்று பாருங்கள். அந்தச் சந்தேகம் என்னவென்று தெரியாமல் செய்கிற கருவி, எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் தவறான காலைத்தான் காட்டும்.