குருதிவழியும் குடிநீரும்

விக்டோரியா அணைக்கட்டு 1985ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்டது. அதன் பொருட்டுப் பழைய தெல்தெனிய நகர் நீருள் மூழ்கிற்று. கண்டிச் சீமையிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களுட் சில அயலிலுள்ள மேட்டு நிலங்களில் அமர்ந்தன. வேறு சில மகாவலியின் போக்கிலே கீழிறங்கி, கிராந்துருக்கோட்டை முதலிய வறண்ட வலயக் குடியேற்றங்களை அடைந்தன. ஒரு குருதியினர் இரு வேறு தண்ணீரைக் குடிக்கலாயினர். பின்னாளில், காரணம் துணியப்படாத நீடித்த சிறுநீரக நோய் வேரூன்றிய இடங்களுள் கிராந்துருக்கோட்டையும் ஒன்றாயிற்று. கண்டி மலைச்சாரலிலோ அந்நோய் அங்ஙனம் பரவவில்லை.

"தந்தைக்கு வந்தது, எனக்கும் வந்தே தீரும்" என்று மனமுடைவோரும், "எங்கள் பரம்பரையில் இல்லை" என்று அசட்டையாயிருப்போரும் இச்செய்தியைச் சற்றே எண்ணிப்பார்த்தல் நன்று.

மதவாச்சி, பதவியா முதலிய வடமத்திய மாகாணத்து ஊர்களில் 1990களிலே தலைகாட்டிய நோய் இது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ முன்னர் இல்லாத உழவர்களையும் இது பற்றுகின்றது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையும் ஓசையின்றி அரிக்கின்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானின் கியோத்தோப் பல்கலைக்கழகத்தாரும் கூடி நடத்திய ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. எஸ்.எல்.சி.13ஏ3 என்னும் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உடையவர்க்கு, நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காதலை அது காட்டிற்று. எனினும் அம்மாற்றம் உடையோர் யாவரும் நோயுற்றிலர். கடின நீர், புளோரைட்டு, பயிர்மருந்து, வெயிலிற் புரியும் கடும் உழைப்பு ஆகியவை ஐயுறப்படுகின்றன. மரபு வழங்குவது விதையே. நிலமும் நீரும் வேறு.

கல்லடைப்பும் இத்தன்மைத்தே. நெருங்கிய உறவினர்க்குக் கல் உண்டாயின், பிறரினும் இரு மடங்குக்கு மேற்பட்ட வாய்ப்பு உண்டென்பர். சிஸ்டின் என்னும் பொருளாலாகிய கல் அரியது. பெரும்பாலும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தாலன்றி அது தோன்றாது. மச்சான் மச்சாள் மணம் வழக்கிலுள்ள குடும்பங்களில் அவ்வாறு இரண்டும் சேரும் வாய்ப்பு மிகுதி. ஆயினும், கல்லை அஞ்சுவோர் முதலில் நோக்கவேண்டியது தண்ணீர்க் கூசாவையே. நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் சிறுநீர் கழியுமளவு பருகுவது பெரும்பாலோர்க்குப் போதும். சிறுநீரகம் தளர்ந்தவர் மட்டும் வைத்தியர் வகுத்த அளவைக் கடத்தலாகாது. வீட்டுத் தோட்டத்துக் காமரங்காயில் ஒக்சலேற்று நிறைந்துள்ளது. அதனை உண்டதனாற் சிறுநீரகம் கெட்ட இருவரைப்பற்றிப் பேராதனை வைத்தியர்கள் 2015இல் எழுதியுள்ளனர். ஒருவருக்குத் திடீரென, மற்றவருக்கு நீடித்த நோயாக. வெறுவயிற்றிற் குவளை குவளையாக அச்சாற்றைக் குடிப்பது மருந்தாகாது.

இவற்றினும் மரபு மிக வலிதாய் ஆளும் நோய் ஒன்றுண்டு. சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் பெருகும் நோய் அது. பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதற்குரிய முதன்மையான மரபணு 1994இல் அறியப்பட்டது. கலியாணப் பேச்சுக் கெடுமென அஞ்சி இதனை மறைக்கும் குடும்பங்கள் பல. மறைத்ததன் விலை, ஒருவருக்குச் சிறுநீரகம் மாற்றவேண்டிய நாளிலே தெரியவரும். அண்ணனுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கத் தம்பி மனமுவந்து வருகின்றான். அவன் உடலிலும் அந்நோய் உறங்கிக்கிடக்கலாம். இளவயதிற் கட்டிகள் ஸ்கானில் தென்படாமலும் போகலாம். ஆதலின் அத்தகைய குடும்பத்தவர்க்கு மரபணுச் சோதனையும் வேண்டப்படுகின்றது. தந்தை எந்நோயால் இறந்தார் என்பதை வைத்தியரிடம் மறையாது சொல்லியிருந்தால், அச்சோதனை முன்னரே நடந்திருக்கும். நோய் இல்லையேல் தம்பியின் கொடை ஏற்கப்படும், உண்டாயின் அவனது இரத்த அழுத்தத்தை அன்றே அடக்கத் தொடங்கலாம்.