குடிவழியில் விடுபட்ட பெயர்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்ப வரலாற்றை எழுத முனைந்தேன். பாட்டனார் எழுதி வைத்த குறிப்பேட்டில் ஏழு தலைமுறை ஆண்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவிற்று. ஆதலின் இரண்டு பெயர்களே மாறி மாறி வந்தன. பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. எழுதியவரைப் பெற்ற தாயின் பெயரும் இல்லை.

வீட்டில் வினவினேன். ‘திருவாரூராள்’ என்றார்கள். புகுந்த வீட்டார் பிறந்த ஊரைச் சொல்லி அழைத்த பெயர் அது. இயற்பெயர் அறிந்திருந்த என் பாட்டி மறைந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. அவர் திண்ணையில் அமர்ந்திருந்த நாட்களில், நான் உள்ளறையில் சங்கப் பெண்பாற் புலவர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். புறநானூற்றின் 112ஆம் பாட்டைப் பாடியோர் தந்தை பெயரால் ‘பாரி மகளிர்’ என்றே குறிக்கப்படுவதை மாணவியரிடம் வருந்திச் சொல்லும் நான், திண்ணையில் இருந்தவரைக் கேட்கவில்லை.

பின்னர்ப் பரணிலிருந்த தகரப் பெட்டியில் 1938ஆம் ஆண்டின் அடமானப் பத்திரம் ஒன்று கிடைத்தது. பிறந்த வீட்டார் அவருக்கு மஞ்சக்காணியாக அளித்த நிலம் அடகுக்குப் போயிருந்தது. கைநாட்டின் அருகே அவர் இயற்பெயர் இருந்தது. நிலத்தை இழக்கும் நாளில்தான் அவர் பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

எனவே குடிவழி ஆராயப் புகுவோர்க்கு ஒன்று சொல்வேன். ஆவணங்களைத் தேடுமுன் வீட்டின் மூத்த பெண்மணியிடம் செல்லுங்கள். அவர் தாயின் பெயர், பாட்டியின் பெயர், பிறந்த ஊர், பிறந்த வீட்டின் குலதெய்வம் ஆகியவற்றைக் கேட்டு, கேட்ட நாளையும் சேர்த்து எழுதுங்கள். ஆண்டு நினைவில்லை என்பார். தஞ்சைப் பகுதியாயின் 1952ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்னா, பின்னா என்று கேளுங்கள், விடை வரும். ஒப்பாரி பாடுபவராயின் அதையும் கேளுங்கள். பிறந்த வீட்டின் நினைவு அதில் நிறைந்திருக்கும். அதன்பின் ஜாதகம், மொய் நோட்டு, பத்திரம் ஆகியவற்றை அவர் சொன்னவற்றோடு ஒப்பிடுங்கள். சார்பதிவாளர் அலுவலகமும் எழும்பூர் ஆவணக் காப்பகமும் அதற்கு அடுத்த படிகள்.

பாட்டனார் குறிப்பேட்டில் அவர் தாயின் பெயரை இப்போது என் கையால் எழுதியிருக்கிறேன். அவரைப் பெற்றவள் பெயருக்கு உரிய இடம் வெறுமையாகவே உள்ளது. காப்பகம் அடுத்த ஆண்டும் திறந்திருக்கும். பாட்டி உள்ளவர்கள் இன்று மாலையே அவரிடம் பேசுங்கள் என வேண்டி அமைகிறேன்.