தொடர்வதும் சங்கிலியாவதும்

கேமரன் மலைத் தமிழர்க்குத் தேயிலை வாழ்வோடு ஒன்றிய பயிர். கோலா தெர்லாவில் கூடியுள்ள நாம், வேதிவினை தொடங்கும் விதத்தை இங்குப் பறிக்கும் கொழுந்தைக் கொண்டே காண்போம்.

கொழுந்தின் உயிரணுவினுள் கேட்டிகின் என்னும் பொருளும், அதனை மாற்றவல்ல நொதியும் வெவ்வேறு அறைகளில் உள்ளன. வாட்டிய இலையை இயந்திரம் உருட்டி நசுக்கும்போது உள்தடுப்புகள் உடைகின்றன, இரண்டும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடுகின்றன, இலை செம்பழுப்பாகிறது. பின்னர் உலர்த்தும் வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. பச்சைத் தேயிலைக்கோ தொடக்கத்திலேயே சூடேற்றி இம்மாற்றத்தைத் தடுத்துவிடுகின்றனர்.

மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வதால் இதனைத் தொடர்வினை எனலாமா? அறிவியல் குறிக்கும் தொடர்வினை வேறு. ஹைட்ரஜனும் குளோரினும் கலந்த வாயு, அறை வெப்பநிலையில் இருளில் பெரிதும் மாறுவதில்லை. ஒளி பட்டதும் குளோரின் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிளக்கிறது. அவற்றுள் ஒன்று ஹைட்ரஜன் மூலக்கூற்றோடு வினைபுரிந்து, தனித்த ஹைட்ரஜன் அணுவை விடுவிக்கிறது. அவ்வணு அடுத்த குளோரின் மூலக்கூற்றைப் பிளந்து மீண்டும் ஒரு குளோரின் அணுவைத் தருகிறது. தொடக்கியது ஒளி, தொடரச் செய்வதோ வினை தானே ஈன்ற அணு. 1913இல் போடன்ஸ்டைன் முன்வைத்த சங்கிலிக் கருத்துக்கு, 1918இல் நெர்ன்ஸ்ட் இவ்வணுவழி விளக்கம் தந்தார். வேதிவினைகள் நிகழும் முறை பற்றிய ஆய்வுக்காக 1956இல் ஹின்ஷெல்வுட், செமியோனோவ் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

தேயிலை ஆலையில் வினையை நடத்துவது நொதி. அந்நொதியை வினை ஈனுவதில்லை. ஆகவே அது சங்கிலியன்று. எண்ணெய் காறுவதோ உண்மையான சங்கிலி வினை. வியப்பு யாதெனில், அச்சங்கிலியை அறுக்கவல்ல பொருள்களுள் நம் கொழுந்தின் கேட்டிகினும் ஒன்று.

தமிழில் தொடர்வினை, சங்கிலி வினை என இரு சொற்களும் வழங்குகின்றன. தொடர் என்பது முன்பின் வரிசையை மட்டுமே உணர்த்தவும் கூடும். சங்கிலி என்பதோ ஒரு கண்ணி மறு கண்ணியைப் பற்றியிருப்பதைக் காட்டுகிறது. எச்சொல்லை ஆசிரியர் ஆண்டாலும் மாணவரிடம் ஒரு வினாவைத் தவறாது எழுப்புதல் வேண்டும்: அடுத்த படியைத் தொடக்கும் பொருளை முந்தைய படி மீண்டும் ஈனுகிறதா? இவ்வினாவை எழுப்பாவிடின் மாணவர் சொல்லை மனப்பாடம் செய்வர், பொருளை இழப்பர். கலைச்சொல் ஆக்கும் நாமும் அதே வினாவைக் கேட்ட பின்னரே சொல்லைத் தேர்தல் முறை.