ரொட்டித் திருடனும் பிறவித் திருடனும்

(செங்கற்பட்டில் ஒரு படக்காட்சிக்கு முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



இப்போது நாம் பார்க்கப் போகும் "ஏழை படும் பாடு", 1950-இல் கோயமுத்தூர் பட்சிராஜா கம்பெனியார் எடுத்த பாட்டுப் படமாகும். விக்டர் ஹ்யூகோ 1862-இல் பிரெஞ்சில் வெளியிட்ட நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கினார், கே. ராம்நாத் அதைப் படமாக்கினார். கைதியாக நாகய்யா. அவரைத் துரத்தும் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அப்பெயரே கடைசிவரை ஒட்டிக்கொண்டது!

நாவலின் கதை என்னவென்றால், பசித்த குழந்தைகளுக்காக ரொட்டி திருடியவனுக்கு 5 வருஷம். தப்பப் பார்த்ததற்காக மேலும் 14 வருஷம். வெளியே வந்தால் கையில் ஒரு மஞ்சள் சீட்டு. அதைப் பார்த்த பின் அவனுக்குச் சோறு போடுவாரில்லை. ஒரு பாதிரியார் மட்டும் இடங்கொடுக்கிறார். அவர் வீட்டு வெள்ளிச் சாமானையே திருடிக்கொண்டு ஓடுகிறான். போலீசார் பிடித்து வந்தால், "நான் கொடுத்ததுதான்" என்கிறார் பெரியவர்!

உடனே, "பார்த்தீர்களா மதத்தின் மகிமையை" என்பார்கள் சிலர். அவர் ஆண்டவன் பெயரைச் சொன்னது வாஸ்தவமே. ஆனால் அவனைத் திருத்தியது மந்திரமா? தீர்த்த ஸ்நானமா? 19 வருஷம் நம்பராகக் கிடந்தவனை "ஐயா" என்றழைத்துத் தம்முடன் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாரே, அதுவல்லவா? பின்னால் 1832-இல் பாரிசில் நடந்த கலகத்தில், கட்டுண்டு கிடந்த ஜாவரைச் சுடும்படி அவனிடமே விடுகிறார்கள். அவன் கட்டை அறுத்து அனுப்பிவிடுகிறான். அதைத் தாங்கமாட்டாமல் ஆற்றில் விழுந்து சாகிறது சட்டம்!

மஞ்சள் சீட்டு பிரெஞ்சுக்காரன் சங்கதிதானே என்று இருந்துவிட வேண்டாம். அங்கே திருடிய பிறகு சீட்டு. இங்கே 1911-ஆம் வருஷக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி, இன்ன சாதியில் பிறந்திருந்தால் போதும், கைரேகை எடுக்கலாம்! சென்னை மாகாணத்தில் 1947-இல் அதை ஒழித்தார்கள். ஒழிந்தது சட்டம் மட்டுமே. "ஜெய் பீம்" (2021) படத்தின் தொடக்கத்தில், விடுதலையானவர்களைச் சிறைவாசலிலேயே சாதி கேட்டுப் பிரிக்கவில்லையா?

மாசிப் பௌர்ணமிக்கு மாமல்லபுரக் கடற்கரையில் இருளர்கள் கூடுவதை வேடிக்கை பார்க்கப் போகிறோம். அவர்களில் எத்தனையோ குடும்பங்கள், வாங்கிய முன்பணத்துக்காக அரிசி ஆலைகளில் அடைபட்டுக் கிடந்தபோது யார் போனோம்? கொத்தடிமையை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்துவிட்டது!

இதே ஊரில் 1887-இல் ஏற்பட்ட சிறுவர் சீர்திருத்தப் பள்ளி உங்களுக்குத் தெரியும். அங்கே தொழில் கற்று வெளிவந்த பையன் வந்து கேட்டால், கடையில் ஒரு வேலை கொடுப்போமா? படம் முடிந்ததும், கடை வைத்திருக்கும் தோழர்கள் சற்று இருந்து நம்மிடம் பேசிவிட்டுப் போகவேண்டும்.

விளக்கை அணைக்கப் போகிறார்கள். பின்னால் நிற்பவர்கள் முன்னே வந்து உட்காரலாம்.